மீனம்பாக்கமும் பலாலியும்



ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊர் எவ்வளவு தொலைவு என்று கேட்டால், நம் முன்னோர் பல சமயங்களில் நேரத்தையே விடையாகச் சொன்னார்கள். 'இரண்டு நாழிகை வழி' என்றார்கள். 'பொழுது சாய்வதற்குள் போய்விடலாம்' என்றார்கள். நாழிகை என்பது 24 நிமிடம் கொண்ட காலத்தின் பெயர். அக்காலத்திற்குள் ஒருவர் நடந்து கடக்கும் தொலைவுக்கும் அதுவே பெயராயிற்று. எல்லோரும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் நடந்த காலத்தில் தொலைவும் நேரமும் ஒரே பொருளின் இரு பெயர்களாக இருந்ததில் வியப்பில்லை.

வண்டியும் இரயிலும் விமானமும் வந்தபின் அவ்விரண்டும் பிரிந்துவிட்டன. தொலைவு அப்படியே இருக்கிறது. நேரம் மட்டும் மாறுகிறது. நேரம் எப்போதும் குறைந்துகொண்டே வருவதாகத்தான் நாம் எண்ணுகிறோம். அது கூடவும் செய்யும், சில சமயம் பல மடங்கு கூடும் என்பதை ஒரு வழியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இன்று காண்போம். அந்த வழி, சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்குச் செல்லும் வான்வழி.

முதலில் தொலைவைக் கணக்கிடுவோம். கணக்கு என்றதும் அஞ்ச வேண்டுவதில்லை. மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பூகோளம் கற்பித்த நாட்களில் நான் விரும்பிக் கொடுத்து வந்த கணக்கு இது; கழித்தலும் பெருக்கலும் தெரிந்தால் போதும். மீனம்பாக்கம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 13 பாகையில் இருக்கிறது. பலாலி ஏறத்தாழ 9.8 பாகையில் இருக்கிறது. தீர்க்கரேகையோ இரண்டிற்கும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டும் கிழக்கே 80 பாகையை ஒட்டியவை. ஆகவே ஒன்று மற்றொன்றுக்கு நேர் தெற்கே இருப்பதாகவே கொள்ளலாம். 13 பாகையிலிருந்து 9.8 பாகையைக் கழித்தால் 3.2 பாகை. அட்சரேகையில் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். 3.2-ஐ 111-ஆல் பெருக்கினால் 355 கிலோமீட்டர் வருகிறது. நுட்பமாகக் கணக்கிட்டாலும் ஓரிரு கிலோமீட்டருக்கு மேல் வேறுபாடு இராது.

மாலுமிகளும் விமானிகளும் இதே கணக்கை வேறொரு விதமாகப் போடுகிறார்கள். ஒரு பாகையை அறுபது கலைகளாகப் பிரித்து, ஒரு கலைக்குரிய தொலைவை ஒரு கடல் மைல் என்று கொள்கிறார்கள். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். 3.2 பாகை 192 கலைகள். அதாவது 192 கடல் மைல். பூமியின் அளவையே அளவுகோலாகக் கொண்ட அழகிய முறை இது.

பூமியை அளக்கும் இந்தக் கலைக்கும் மீனம்பாக்கத்துக்கும் பழைய உறவு உண்டு. விமான நிலையத்தின் ஓரத்தில் நிற்கும் பரங்கிமலையின் அடிவாரத்தில், 1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வில்லியம் லாம்டன் என்ற இராணுவ அதிகாரி எஃகுச் சங்கிலி ஒன்றைத் தரையில் நீட்டி அளக்கத் தொடங்கினார். பின்னாளில் இமயமலை வரை நீண்ட மாபெரும் நில அளவைக்கு அந்தக் கோடே அடிக்கோடாயிற்று. ஏழரை மைல் நீளமுள்ள அக்கோட்டை அளந்து முடிக்க அவருக்கு 57 நாட்கள் பிடித்தன. இன்று அம்மலையருகே எழும்பும் விமானம் அத்தொலைவை இரண்டு மூன்று நிமிடங்களில் கடந்துவிடுகிறது.

தொலைவு 355 கிலோமீட்டர் என்று கண்டோம். இனி நேரத்துக்கு வருவோம். இந்த வழியில் பறக்கும் ஏடிஆர் வகை விமானம், சுழல்விசிறி பூட்டிய, எழுபதுக்கு மேற்பட்ட இருக்கைகள் கொண்ட சிறிய விமானம். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் அது செல்லும். 355-ஐ 500-ஆல் வகுத்தால் 43 நிமிடம் வருகிறது. ஆனால் கால அட்டவணையிலோ ஒன்றேகால் மணி என்று போட்டிருக்கும். மிச்சமுள்ள அரைமணி எங்கே போயிற்று?

அந்த அரைமணியை ஒளித்து வைத்தவர் எவருமில்லை. விமான நிறுவனங்கள் நேரத்தைக் கணக்கிடும்போது, சக்கரத்தடியில் வைத்த கட்டையை எடுக்கும் நொடியில் தொடங்கி, போய்ச் சேர்ந்த இடத்தில் மீண்டும் கட்டை வைக்கும் நொடியில் முடிக்கின்றன. ஆகவே ஓடுபாதையின் முனைவரை ஊர்ந்து செல்லும் நேரமும், முறை வரும்வரை காத்து நிற்கும் நேரமும் அதில் அடங்கும். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் விமானம் முழு வேகத்தில் செல்வதில்லை. காற்றை எதிர்த்தே எழும்பவும் இறங்கவும் வேண்டுமாதலின், சில நாட்களில் போகவேண்டிய திசைக்கு மாறான திசையில் எழும்பிப் பின்னர் வட்டமிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். வானத்திலும் வகுத்த பாதைகள் உண்டு. நினைத்தபடி நேர்கோட்டில் செல்ல இயலாது. இவையெல்லாம் நெடும்பயணத்திலும் உள்ளவையே. பயணம் குறுகியதாயின் இவற்றின் பங்கு பெரிதாகத் தோன்றுகிறது, அவ்வளவே.

கடிகாரம் பற்றியும் ஒரு சொல். இந்தியாவும் இலங்கையும் கிழக்கே எண்பத்திரண்டரைப் பாகைத் தீர்க்கரேகையின் நேரத்தையே பொதுநேரமாகக் கொண்டுள்ளன. ஆதலால் சென்னையில் பத்துமணி அடிக்கும்போது யாழ்ப்பாணத்திலும் பத்துமணி. புறப்பட்ட நேரத்தைச் சேர்ந்த நேரத்திலிருந்து கழித்தால் பயண நேரம் கிடைத்துவிடும். எல்லா ஊருக்கும் இது பொருந்தாது. சிங்கப்பூரின் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தியது. சென்னையில் காலை பத்து மணிக்குப் புறப்பட்டு, நாலேகால் மணி நேரம் பறந்து சிங்கப்பூர் சேர்ந்தால் அங்கே மாலை நாலே முக்கால். அங்கிருந்து காலை பத்துக்குப் புறப்பட்டுச் சென்னை சேர்ந்தாலோ இங்கே பதினொன்றே முக்கால். போகும்போது ஆறே முக்கால் மணியும் திரும்பும்போது ஒன்றே முக்கால் மணியும் ஆனதுபோல் ஒரு மயக்கம்! இலங்கையும் 1996இல் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காகத் தன் கடிகாரத்தை முன்னே தள்ளி, பின்னர் 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்கு மீண்டது. அந்தப் பத்தாண்டும் அங்கே போய்வந்தவர்கள் கைக்கடிகார முள்ளைத் திருப்ப வேண்டியிருந்தது.

இதுவரை கூறியது கணக்கு. இனி வரலாறு.

நான் வாழும் மணிமங்கலம் தாம்பரத்துக்கு மேற்கே உள்ள ஊர். ஒரு பக்கம் ஏரியும் பழைய கோயில்களும். மறுபக்கம் ஒரகடமும் திருப்பெரும்புதூரும், அங்குள்ள கார்த் தொழிற்சாலைகளும். தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் பேருந்துகள் எங்கள் தெரு முனையில் இரவும் பகலும் நிற்கின்றன. இந்த ஊருக்கும் இலங்கைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன், வாதாபியிலிருந்து படையெடுத்து வந்த இரண்டாம் புலிகேசியை முறியடித்த களங்களுள் ஒன்று மணிமங்கலம். கூரம் செப்பேடுகள் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என்று அக்களங்களைக் குறிக்கின்றன. அக்காலத்தில், அரசுரிமை இழந்த மானவர்மன் என்னும் இலங்கை இளவரசன் பல்லவனிடம் அடைக்கலம் புகுந்திருந்தான். பல்லவனுக்குத் துணையாக அவன் புலிகேசியுடன் போரிட்டான் என்றும், அதற்குக் கைம்மாறாகப் பல்லவன் அவனுக்கு இருமுறை படையுதவி செய்து தாயகத்துக்கு அனுப்பினான் என்றும் இலங்கையின் பாளி வரலாற்று நூலாகிய சூளவம்சம் கூறுகிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பாயும் துடுப்பும் கொண்ட கலங்கள் இரு கரைகளையும் இணைத்திருந்தன என்பதற்கு இதுவே சான்று.

அந்தப் போக்குவரத்து நம் காலம்வரை அறாமல் வந்தது. வல்வெட்டித்துறையின் பாய்க்கப்பல்கள் தமிழகத் துறைமுகங்களுக்கு வந்துபோயின. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், சென்னை எழும்பூரில் கொழும்புக்குப் பயணச்சீட்டு வாங்கி இரயிலேறும் வசதி வந்தது. தனுஷ்கோடி வரை இரயில். அங்கிருந்து தலைமன்னார் வரை கப்பல். பின்னர் மறுபடியும் இரயில். 'போட் மெயில்' என்று நம் பெரியவர்கள் இன்றும் அன்புடன் நினைவுகூரும் வண்டி அது. யாழ்ப்பாணம் போகிறவர்கள் மதவாச்சியில் இறங்கி வண்டி மாறுவார்கள். 1964 டிசம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடியது. 1980களில் அதுவும் நின்றது.

வான்வழியும் பழையதே. பலாலி விமானத்தளம் இரண்டாம் உலகப்போரின்போது பிரித்தானிய விமானப்படையினரால் அமைக்கப்பட்டது. 1947 டிசம்பர் 10ஆம் நாள், இலங்கையின் 'ஏர் சிலோன்' நிறுவனம் தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. இரத்மலானையில் எழும்பிய அந்த டக்கோட்டா விமானம் எங்கே சென்றது தெரியுமா? காங்கேசன்துறைப் பலாலியில் இறங்கி, பின்னர் சென்னைக்கு வந்தது. ஒரு நாட்டின் விமானப் போக்குவரத்து வரலாறே இந்த வழியில்தான் தொடங்கிற்று. டக்கோட்டா மணிக்கு 300 கிலோமீட்டர் அளவில் பறக்கும் விமானம். அந்த வேகத்தில் பலாலியிலிருந்து சென்னைக்கு வான்வெளியில் மட்டும் ஒன்றேகால் மணிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். இன்றைய அட்டவணையிலும் ஏறத்தாழ அதே ஒன்றேகால் மணிதான். தரையில் ஊரும் நேரத்தையும் சேர்த்துச் சொல்வது இன்றைய கணக்கு. எனினும் முக்கால் நூற்றாண்டில் இயந்திரத்தின் முன்னேற்றம் இந்தச் சிறுவழியில் நமக்கு மிச்சப்படுத்தித் தந்தது மிகச் சில நிமிடங்களே.

நடுவில் நாம் இழந்த நேரத்துக்கோ அளவில்லை. 1983இல் இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டது. பலாலி முற்றிலும் இராணுவத்தளமாயிற்று. 1990இல் பலாலியைச் சூழ்ந்த ஊர்களின் மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். அவர்களுடைய நிலங்கள் பிற்காலத்தில் பகுதி பகுதியாகவே திரும்பக் கிடைத்தன. கொழும்பிலிருந்து ஓடிய 'யாழ்தேவி' இரயில் அதே 1990இல் யாழ்ப்பாணம் செல்வதை நிறுத்தியது. 2014இல்தான் மீண்டும் அங்கே போய்ச் சேர்ந்தது. ஏ-9 எனப்படும் நெடுஞ்சாலையும் நெடுங்காலம் மூடிக்கிடந்தது. சென்னையிலிருந்து பலாலிக்கு நேரே பறக்கும் வழி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இல்லாமற் போயிற்று.

அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணம் செல்ல வேண்டியவர் என்ன செய்தார்? போர் ஓய்ந்து 2009க்குப் பின்பும் இதுவே வழி: சென்னையிலிருந்து கொழும்பு கட்டுநாயக்காவுக்கு விமானம்; அது ஏறத்தாழ 650 கிலோமீட்டர். அங்கிருந்து தரைவழியே வடக்கு நோக்கி ஏறத்தாழ 400 கிலோமீட்டர். ஆக மொத்தம் 1,050 கிலோமீட்டர். நேர்வழி 355 கிலோமீட்டர் என்று முன்பே கண்டோம். மூன்று மடங்கு!

தேசப்படம் ஒன்றை எடுத்து, மீனம்பாக்கத்தையும் கட்டுநாயக்காவையும் ஒரு நேர்கோட்டால் இணைத்துப் பாருங்கள். அக்கோடு பலாலிக்குச் சில கிலோமீட்டர் மேற்கே, யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேலேயே செல்லும். அதாவது, பயணி தாம் போகவேண்டிய ஊரைத் தாண்டித் தெற்கே நெடுந்தூரம் போய், இறங்கி, வந்த வழியே வடக்கு நோக்கித் திரும்பவேண்டும். விமானத்துக்கு ஒன்றரை மணி, இறங்கிச் சோதனைகள் முடித்து வெளியேற ஒன்றிரண்டு மணி, இரவுப் பேருந்துக்கு எட்டு மணி என்று வைத்தால், பதினொரு மணிக்கும் குறையாது. சிங்கப்பூரின் தொலைவு 2,900 கிலோமீட்டர். பலாலியைப்போல் எட்டு மடங்கு. ஒரே வேளையில் சென்னையை விட்டுப் புறப்பட்ட இருவரில் சிங்கப்பூர் சென்றவர் அங்கே இறங்கி, இரவு உணவருந்தி, உறங்கத் தொடங்கிய பின்பும் யாழ்ப்பாணம் சென்றவர் வழியிலேயே இருப்பார்.

இதனால் விளைந்த துன்பத்தை எண்களால் அளக்க இயலாது. என்னுடன் பணியாற்றிய ஆசிரியை ஒருவரின் தமக்கை யாழ்ப்பாணத்தில் மணம் முடித்துக் குடியிருந்தார். 2012ஆம் ஆண்டு ஒருநாள் விடியற்காலையில் அந்தத் தமக்கை இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. ஆசிரியை அன்றே பிற்பகல் விமானத்தில் கொழும்பு சென்று, இரவெல்லாம் பேருந்தில் அமர்ந்து, மறுநாள் முற்பகலில் வீடு சேர்ந்தார். முதல்நாள் மாலையே எரியூட்டியாயிற்று. உறவினர்கள் அஸ்தி கரைப்பதற்காகக் கீரிமலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். கீரிமலையோ பலாலிக்கு அண்மையில் உள்ள கடற்கரைத் தீர்த்தம். ஊர் திரும்பியபின் அவர் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "அக்கா வீட்டுக்கு மேலேதான் சார் போனேன், இறங்க இடமில்லை." அன்று அவ்வம்மையாரைத் தமக்கையின் முகம் காணவொட்டாமல் தடுத்தது தொலைவன்று. தொலைவு அவருக்கு அனுகூலமாகவே இருந்தது. 43 நிமிடத்தில் கடக்கக்கூடிய கடல் அது.

பின்னர் நிலைமை மெல்ல மாறிற்று. 2019 அக்டோபரில் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னையிலிருந்து 'அலையன்ஸ் ஏர்' விமானம் பயணிகளுடன் பறந்தது. நான்கே மாதங்களில் கொரோனாத் தொற்று வந்து, 2020 மார்ச்சில் அது நின்றது. 2022 டிசம்பரில், வாரத்துக்கு நான்கு நாள் என்ற முறையில், அது மீண்டும் தொடங்கியது. 2024 செப்டம்பரில் 'இண்டிகோ' நிறுவனமும் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. 2025இல் திருச்சியிலிருந்தும் தொடங்கியது. திருச்சிக்கும் பலாலிக்கும் நேர்தொலைவு 185 கிலோமீட்டர்தான். கடல்வழியில், நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல் சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் புறப்பட்டது.

இந்தத் தேதிகளைக் கேட்கும்போது நேயர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். தொடங்கியது, நின்றது, மீண்டும் தொடங்கியது என்றே அவை செல்கின்றன. பயண நேரம் என்பதில் காத்திருக்கும் நேரமும் சேர்ந்ததே. விமானம் வாரத்தில் நான்கு நாள்தான் உண்டென்றால், விமானமில்லாத நாளில் அவசரம் நேர்ந்தவருக்கு ஒன்றேகால் மணிப் பயணம் ஒரு முழுநாட் பயணமாகிவிடுகிறது. கால அட்டவணை அந்த நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இழவுச் செய்தி கேட்டவர் சேர்த்துக்கொள்வார்.

இப்போது, ஒழுங்காக விமானம் உள்ள ஒரு நாளில், எங்கள் மணிமங்கலத்திலிருந்து ஒருவர் யாழ்ப்பாண நகருக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்று கூட்டிப் பார்ப்போம். ஊரிலிருந்து தாம்பரம் வழியாக மீனம்பாக்கம் இருபது கிலோமீட்டர். தொழிற்சாலைகளில் முறை மாறும் வேளையானால் பேருந்துகளும் சரக்கு லாரிகளும் சாலையை அடைத்துக்கொள்ளும். ஒன்றரை மணி வைத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுப் பயணமாதலின் மூன்று மணி முன்னதாக வரச் சொல்கிறார்கள். பறக்கும் நேரம் ஒன்றேகால் மணி. பலாலியில் குடிவரவு, சுங்கம் முடிய முக்கால் மணி. அங்கிருந்து நகருக்குப் பதினேழு கிலோமீட்டர் அளவு; அதற்கு முக்கால் மணி. கூட்டினால் ஏழேகால் மணி வருகிறது. மொத்தத் தொலைவு 390 கிலோமீட்டர் சொச்சம். வகுத்துப் பார்த்தால் சராசரி வேகம் மணிக்கு 54 கிலோமீட்டர். முன்பு கண்ட இரவுப் பேருந்தைவிடச் சற்றே விரைவு!

விமானப் பயணத்தைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. நேரம் எங்கே செலவாகிறது என்பதைக் காட்டவே சொல்கிறேன். ஏழேகால் மணியில் வானத்தில் செல்லும் பங்கு ஆறில் ஒன்றுதான். விமானத்தின் வேகத்தை இரட்டித்தாலும் மிச்சமாவது அரைமணிக்கும் குறைவே. சாலை சீரானால் முக்கால் மணி மிச்சமாகும். விமான நிலையத்தில் மூன்று மணி என்பதை ஒன்றரை மணியாக்க முடிந்தால் ஒன்றரை மணி மிச்சமாகும். வாரத்தின் ஏழு நாளும் விமானம் உண்டென்றானால், அவசரக்காரருக்கு ஒரு நாளே மிச்சமாகும். இரு அரசுகளும் ஒற்றுமையாயிருந்து வழியை மூடாதிருந்தால் மிச்சமாவது நாற்பது ஆண்டு. இந்த வரிசையில் புதிய இயந்திரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை என்பதையும் பார்க்கிறீர்கள்.

என் மாணவர்களுக்கு வகுப்பறையில் தேசப்படம் காட்டும்போது, படத்தின் அடியில் உள்ள அளவுகோலைப் பார்த்துத் தொலைவு சொல்லப் பழக்குவேன். சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று அது சொல்லும். அதைக் கற்றபின், பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் மற்றொரு வினாவும் கேட்பதுண்டு: "இவ்வளவு தொலைவைக் கடக்க இன்று எவ்வளவு நேரம்? பத்தாண்டுக்கு முன் எவ்வளவு? ஏன் வேறுபாடு?" முதல் வினாவுக்கு எல்லோரும் ஒரே விடை எழுதுவார்கள். இரண்டாம் வினாவுக்கு விடை தேடினால் பூகோளத்தோடு சரித்திரமும் குடிமையியலும் படித்தாக வேண்டும். இரண்டு ஊர்களுக்கிடையே ஆகும் நேரம் கூடியிருந்தால், அங்கே சாலை பழுதா, மனம் பழுதா என்று விசாரிக்கக் கற்றுக்கொள்வார்கள்.

தொலைவை நமக்கு வகுத்துத் தந்தது இயற்கை. அதில் ஒரு முழத்தையும் நம்மால் குறைக்க இயலாது. நேரத்தை வகுப்பவர்கள் மனிதர்கள். அதைக் குறைப்பதும் கூட்டுவதும் அவர்கள் கையில் இருக்கிறது. ஆகவே, இனி இரண்டு விமான நிலையங்களுக்கிடையே எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி என்று யாரேனும் கேட்டால், அவ்விரண்டு எண்களோடு மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: அந்த வழி எத்தனை ஆண்டுகளாகத் தடையின்றித் திறந்திருக்கிறது என்று. மீனம்பாக்கம்–பலாலி வழிக்கு அந்த மூன்றாம் எண் இப்போது மிகச் சிறியது. அது ஆண்டுதோறும் ஒன்று கூடி, ஒருமுறையும் குறையாமல் வளரவேண்டும். நம் பேரப்பிள்ளைகள் அதை இரண்டு இலக்கத்தில் எழுதுவார்களாக.